நாற்காலியில் அமர்ந்து கும்பிடலாமா?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில் ஒரு மாமி இருக்கிறார். வயது 72. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்றால், பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் அவரைப் பார்க்கலாம். கையில் பூக்கூடை, வாயில் ஸ்லோகம், நெற்றி நிறையக் குங்குமம். அப்படிப்பட்டவரை நாலு மாதமாகக் கோயில் பக்கமே காணோம். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் போலும் என்று நினைத்துக் கொண்டேன்.

ஒருநாள் லிஃப்டில் எதிர்ப்பட்டார். ''என்ன மாமி, ஆளையே காணோமே?'' என்றேன். சிரித்து மழுப்பியவர், பிறகு வீட்டுக்குள் அழைத்துப் போய் காபி கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்...

''முழங்கால் மடங்க மாட்டேங்கறதும்மா. கீழே உட்கார்ந்தா தூக்கிவிட ரெண்டு பேர் வேணும். போன தடவை சகஸ்ரநாம பாராயணத்துல எல்லாரும் ஜமக்காளத்துல உட்கார்ந்திருக்கா. நான் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலில! அம்பாளுக்கு முன்னாடி காலைத் தொங்கப் போட்டுண்டு உட்கார மனசு கூசித்து. போறாததுக்கு ஒருத்தி, 'எந்த ஜென்மத்துப் பாவமோ, இப்படிக் காலைப் புடிச்சுண்டு படுத்தறது'ன்னு சொல்லிட்டா. நமஸ்காரம்கூடப் பண்ண முடியாதவளுக்குக் கோயில் என்னத்துக்குன்னு நின்னுட்டேன்.''

வலியைவிட அந்த வார்த்தைதான் மாமியை அதிகம் வாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அறுபதைத் தாண்டிய எத்தனையோ பெண்களின் மனதில் இந்தக் கேள்விகள் இருக்கும். வலி என்பது பாவத்தின் பலன்தானா? அது தீர வேண்டும் என்று தெய்வத்திடம் கேட்பது சுயநலமா? உடம்பு வளையாதபோது செய்யும் வழிபாடு குறைபட்ட வழிபாடா?

திலகவதியார் என்ன சொன்னார்?

செய்த வினைக்குப் பலன் உண்டு என்று நம் சமயம் சொல்கிறது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த உண்மையை யார், யாரைப் பார்த்துச் சொல்வது என்று ஒரு முறை இருக்கிறது. என் கால் வலிக்கும்போது, 'இது என் வினை, பொறுத்துக் கொள்கிறேன்' என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டால் அது பக்குவம். அடுத்தவள் கால் வலிக்கும்போது, 'அது உன் வினை' என்று சொன்னால் அது கருணையில்லாத பேச்சு. வினைக் கொள்கை நம் முகத்தை நாம் பார்த்துக் கொள்ளும் கண்ணாடி. பக்கத்து வீட்டுக்காரியை அளக்கும் முழக்கோல் அல்ல!

அப்பர் பெருமானின் வரலாற்றைப் பாருங்கள். சமண சமயத்தில் இருந்தபோது அவரைச் சூலை நோய் பற்றியது. வயிற்றில் தாங்க முடியாத வலி. எந்த வைத்தியமும் பலிக்காமல், கடைசியில் திருவதிகையில் சிவத்தொண்டு செய்து கொண்டிருந்த தமக்கை திலகவதியாரைத் தேடி வந்து காலில் விழுந்தார். தம்பி மீண்டு வரவேண்டும் என்று எத்தனையோ நாள் இறைவனிடம் கண்ணீர் விட்டவர் அந்த அம்மையார். 'சொன்னால் கேட்டாயா? அனுபவி!' என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லையே! தம்பியைத் தேற்றினார். திருநீறு கொடுத்தார். விடியற்காலையில் கையோடு கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே பதிகம் பிறந்தது, வலியும் நீங்கியது.

வலியில் இருப்பவரைக் கண்டால் நாம் செய்ய வேண்டியது இதுதான். காரணம் ஆராய்வதற்கு முன்னால் கை கொடுப்பது.

அப்படியே காரணம்தான் வேண்டும் என்றால், டாக்டர்கள் சொல்கிறார்கள். எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க, மூட்டுக்குள் குருத்தெலும்பு என்ற வழவழப்பான மெத்தை இருக்கிறது. வயது ஏற ஏற அது தேய்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். பரம்பரையும் உடல் எடையும் சேர்ந்து கொள்ளும். குத்துக்காலிட்டு அமர்வதும் மண்டியிடுவதும் மூட்டுக்குக் கூடுதல் பாரம். தரையில் உட்கார்ந்து மாவாட்டி, குந்தியபடி துணி துவைத்து, குழந்தையை இடுப்பில் சுமந்து மாடிப்படி ஏறிய தலைமுறை அல்லவா மாமியின் தலைமுறை! பாவம் என்று பெயர் வைப்பதற்கு முன், அந்தக் கால்கள் ஒரு குடும்பத்தைத் தாங்கியதை நினைக்க வேண்டாமா?

மகான்களும் இதற்கு விலக்கல்ல. 1950-ல் சித்தியடைந்த பகவான் ரமணர், பிற்காலத்தில் முழங்கால் வாதத்தால் கைத்தடி ஊன்றித்தான் நடந்தார். அவரைப் பார்த்து யாராவது 'பாவம்' என்று சொல்வோமா?

'வலி தீரணும்' என்று கேட்கலாமா?

'எல்லாம் அவன் கொடுத்தது. கேட்காமல் பொறுத்துக் கொள்வதுதான் உயர்ந்த பக்தி' என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பெரியவர்கள் வலியை மறைத்து வைக்கவில்லை.

கேரளத்து மேல்பத்தூர் நாராயண பட்டத்திரியை நமக்குத் தெரியும். குருவாயூரப்பன் சந்நிதியில் நாராயணீயம் பாடியவர். வாத நோயால் அவதிப்பட்டிருந்த தம் குரு அச்சுத பிஷாரடியின் நோயைத் தாமே ஏற்றுக் கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கண்ணனின் லீலைகளை 100 தசகங்களாகப் பாடி, 1586-ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். தசகங்களின் முடிவில் 'என் நோயைப் போக்கு, குருவாயூரப்பா' என்று திரும்பத் திரும்ப வேண்டுகிறார். பகவானின் அவதாரங்களை மெய்சிலிர்க்கப் பாடும் அதே வாயால், உடம்பு படுத்துகிறது என்றும் முறையிடுகிறார். இரண்டும் ஒரே பக்தியில் அடக்கம்! அந்த நூலின் முடிவு இன்னும் அழகு. தனக்கு மட்டும் கேட்காமல், படிக்கிறவர்களுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் சுகமும் வேண்டும் என்று கேட்டு முடிக்கிறார். தன் வலியிலிருந்து ஊருக்கெல்லாம் ஒரு பிரார்த்தனை கிடைத்துவிட்டது.

மகாபாரதத்தில் இன்னொரு காட்சி. போர் முடிந்து, பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார். தருமபுத்திரருக்கு அறம் உபதேசிக்கும்படி கண்ணன் அவரைக் கேட்கிறான். 'உடம்பெல்லாம் எரிகிறது கண்ணா, புத்தி தடுமாறுகிறது, நாக்கு எழவில்லை. நான் எப்படி உபதேசம் செய்வேன்?' என்கிறார் பீஷ்மர். பிரம்மசரிய விரதம் காத்தவர், மரணத்தையே தன் இஷ்டப்படி நிறுத்தி வைத்தவர் பேசும் பேச்சு இது! 'இவ்வளவு பெரியவர் இதைக்கூடத் தாங்கக் கூடாதா?' என்று கண்ணன் கேட்கவில்லை. முதலில் வலியும் எரிச்சலும் பசியும் தாகமும் அவரை வாட்டாதபடி வரம் தருகிறான். அதற்குப் பிறகுதான் உபதேசம். நாம் தினமும் சொல்லும் விஷ்ணு சகஸ்ரநாமமும் அந்தப் படுக்கையிலிருந்து வந்ததுதான்.

ஆக, வலியைக் குறைத்துக் கொள்வது தர்மத்துக்கு விரோதமில்லை. தர்மம் செய்யவே அது வேண்டியிருக்கிறது. மருந்து சாப்பிடுவதும் அப்படியே. விரதத்தைக் கெடுக்காதவை எட்டு என்று மகாபாரதத்தில் விதுரர் பட்டியல் சொல்கிறார். தண்ணீர், கிழங்கு, பழம், பால் என்று போகும் அந்த வரிசையில் மருந்தும் ஒன்று. ஏகாதசியன்று வெறும் வயிற்றில் வலி மாத்திரையைப் போட்டுக் கொண்டு, வயிற்றைப் புண்ணாக்கிக் கொள்ளும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். பாலோ பழமோ எடுத்துக் கொண்டு மருந்து சாப்பிடுங்கள். விரதம் போய்விடாது. டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

இரண்டு அங்கம் போனால் என்ன?

இப்போது நாற்காலிக்கு வருவோம்.

பெண்கள் செய்வது பஞ்சாங்க நமஸ்காரம். இரண்டு முழங்கால், இரண்டு கை, ஒரு தலை... இந்த ஐந்தும் நிலத்தில் பட வணங்குவது. மாமிக்கு ஐந்தில் இரண்டு வரமாட்டேன் என்கிறது. மீதி மூன்று இருக்கிறதே! இருந்த இடத்திலேயே தலை தாழ்த்திக் கைகூப்பினால் அது நமஸ்காரம்தான். மனம், வாக்கு, காயம் என்று வழிபடும் கருவிகள் மூன்று. காயம் கொஞ்சம் ஓய்வு கேட்டால், மற்ற இரண்டும் கூடுதலாக வேலை செய்யட்டும்.

திருநின்றவூர் பூசலார் மனத்துக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாளில் குடமுழுக்கு. மன்னன் கனவில் தோன்றி, 'நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக் கொள்' என்றார் சிவபெருமான்!

அப்பரின் முதுமையையும் நினைத்துப் பாருங்கள். கயிலாயம் பார்த்தே தீருவேன் என்று நடந்தார். பாதம் தேய்ந்தது. கையால் தவழ்ந்தார். கையும் தேய்ந்தது. மார்பால் நகர்ந்தார், புரண்டார். ஈசன் அவரை இமயம் ஏறச் சொல்லவில்லை. அங்கிருந்த தடாகத்தில் மூழ்கச் சொன்னார். எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். அங்கேயே கயிலைக் காட்சி! ஆடி அமாவாசைதோறும் இன்றும் அந்த விழா நடக்கிறது. நடக்க முடியாத அடியவருக்காகக் கயிலாயமே காவிரிக் கரைக்கு வந்துவிட்டது. நம் தெருக்களில் உற்சவர் வீதி உலா வருவதும், கோயிலுக்கு வர முடியாதவர் வாசலுக்குத் தெய்வம் தேடி வரும் கருணைதானே?

ஒன்று மட்டும் நமக்கு நாமே நேர்மையாக இருக்க வேண்டும். 'முடியவில்லை' என்பது வேறு, 'முடியும், சோம்பலாக இருக்கிறது' என்பது வேறு. இந்த வித்தியாசம் நமக்கும் அம்பாளுக்கும் மட்டும்தான் தெரியும். இன்னொரு பக்கம், முடியாத காலோடு பிடிவாதமாகப் படியேறி, 'நான் இந்த வயசிலும் ஏறிட்டேன்' என்று சொல்லிக் கொள்வதில் பக்தி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்றும் யோசிக்க வேண்டும். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். 2024 மார்ச் முதல் அங்கே ரோப் கார் ஓடுகிறது. அதில் ஏறிப் போனவரை யோக நரசிம்மர் குறைவாகவா பார்ப்பார்?

வலி செய்யும் நிஜமான கெடுதல் ஒன்று உண்டு. அது நம் உலகத்தைச் சுருக்கிவிடும். 'என் கால், என் வலி' என்று இருந்தால், மருமகளிடம் எரிச்சல் வரும், பேரனின் சத்தம் பிடிக்காது, கோயில் நின்றுபோகும். தடுக்க வேண்டியது இதைத்தான்.

வீட்டிலேயே செய்யலாம்!

• பூஜை அலமாரியை, நாற்காலியில் அமர்ந்தபடி விளக்கேற்றும் உயரத்துக்கு மாற்றுங்கள்.

• கோலம் சின்னதாகப் போதும். முக்காலியில் உட்கார்ந்து போடலாம்.

• பிராகாரத்தில் ஈரம் இருந்தால் வலம் வரவேண்டாம். தூணைப் பிடித்துக் கொண்டு ஆத்ம பிரதட்சிணம் போதும்.

• நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து நாமம் சொல்லும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. தொடைத் தசை பலப்பட்டால் மூட்டின் பாரம் குறையும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

• உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. பிரசாதப் பொங்கலை ஒரு துளி மட்டும் எடுத்துக் கொள்ளலாமே!

• மூட்டு வீங்கி, சிவந்து, காலையில் வெகுநேரம் விரல்கள் மடங்காமல் இருந்தால், அது வேறு வகை வாதமாக இருக்கலாம். தள்ளிப் போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கோயில் குருக்களிடம் மாமியின் சங்கடத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். ''அம்பாளே சிம்மாசனத்துல ஒரு காலைத் தொங்கப் போட்டுண்டுதானே உட்கார்ந்திருக்கா! நாற்காலியைப் பார்த்து அவ கோவிச்சுக்கப் போறாளா? மாமியை வரச் சொல்லுங்கோ'' என்றார்.

அந்த வாரம் பாராயணக் கூடத்தில் ஒரு நாற்காலிக்குப் பதில் நாலு நாற்காலி வரிசையாகப் போட்டோம். மாமி ஒன்றில் அமர்ந்தார். மற்ற மூன்றும் காலியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இத்தனை நாள் வாய்திறக்காமல் பல்லைக் கடித்துக் கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த இருவர், மெல்ல எழுந்து வந்து மாமிக்குப் பக்கத்தில் அமர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி, அன்றைக்கு 'பாவம்' என்று சொன்னவள்! மாமி ஒன்றும் சொல்லவில்லை. தன் சகஸ்ரநாமப் புத்தகத்தை அவளுக்கும் தெரியும்படி நகர்த்தி வைத்தார்.

உங்கள் கோயில் பாராயணத்திலும் நாலு நாற்காலி போட்டுப் பாருங்கள். யாரோ ஒரு மாமி வீட்டிலேயே முடங்காமல் வருவார். அம்பாள் அருளால் எல்லோர் வலியும் குறையட்டும்!