இரு பொறுப்புகளும் மூன்றாம் மனிதனும்

ஒருவர் இரண்டு பொறுப்புகளை ஒரே வேளையில் ஏற்கும்போது, எதற்கும் வஞ்சனை செய்யாமல் இரண்டையும் நிறைவேற்ற இயலுமா? இவ்வினா மிகப் பழமையானது. மகனாகவும் கணவனாகவும் இருப்பவனுக்கு இது வீட்டு வாசலிலேயே எழுகிறது. அதிகாரியாகவும் உறவினருக்கு உறவினராகவும் இருப்பவருக்கு அலுவலக மேசையில் எழுகிறது. இக்காலத்தில் நாம் எதிர்பாராத ஓரிடத்திலும் இது எழுந்து நிற்கிறது. இளைஞர்கள் கணினியில் விரும்பி ஆடும் கால்பந்து மேலாண்மை விளையாட்டே அவ்விடம்.

இவ்விளையாட்டைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். 1982-ஆம் ஆண்டு கெவின் டாம்ஸ் என்பவர் 'ஃபுட்பால் மேனேஜர்' என்னும் விளையாட்டை இங்கிலாந்தில் வெளியிட்டார். 1992-இல் கோல்யர் சகோதரர் இருவர் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்பதை உருவாக்கினர். அச்சகோதரர் தொடங்கிய நிறுவனத்தின் விளையாட்டு, 2004-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரிலேயே வெளிவருகிறது. இதில் ஆடுபவர் பந்தை உதைப்பதில்லை. அவர் ஓர் அணியின் மேலாளர். வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்றுவிப்பது, வாங்குவது, விற்பது, ஆட்டத்தின் உத்தியை வகுப்பது ஆகியவையே அவர் தொழில். உலகெங்கும் உள்ள மெய்யான வீரர்களின் வேகம், துணிவு, பந்தை அடக்கும் திறன் முதலியவை 1 முதல் 20 வரையிலான எண்களாக அவர் முன் நிற்கின்றன.

இவ்விளையாட்டின் பல ஆண்டுப் பதிப்புகளில், ஒருவர் ஒரு கழகத்தை நடத்திக்கொண்டே ஒரு நாட்டின் தேசிய அணிக்கும் மேலாளராக இருக்க இடமுண்டு. நம் வினா பிறப்பது இங்கேதான்.

சந்தையும் குடும்பமும்

கழகமும் தேசிய அணியும் ஒரே பந்தைக் கொண்டு ஆடினாலும், அவற்றின் இயல்பு வேறு. கழகம் சந்தையில் நிற்கிறது. இடப்பக்கம் காக்க ஆள் இல்லையேல், பணம் கொடுத்து ஒருவரை வாங்கலாம். வாங்கியவர் தேறவில்லையேல் விற்றுவிடலாம். தேசிய அணியோ குடும்பத்தைப் போன்றது. அந்நாட்டுக் குடியுரிமை உடையோரைத் தவிர வேறெவரையும் சேர்க்க இயலாது. நல்ல பந்துக்காவலர் ஒரு தலைமுறையில் தோன்றாவிடில், இருப்பவரைக் கொண்டே ஆடியாக வேண்டும். கழகத்துக்கு ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் ஆட்டம் உண்டு. தேசிய அணியோ ஆண்டில் சில வாரங்களே கூடிப் பிரிகிறது.

ஆகவே ஒரே மேலாளரிடம் இருவகைப் பற்றுகள் குடிகொள்கின்றன. ஒன்று, தாம் தேர்ந்து கட்டியெழுப்பியதன்மேல் உள்ள பற்று. மற்றொன்று, தமக்குக் கொடுக்கப்பட்டதன்மேல் உள்ள பற்று. இரண்டும் நல்லவையே. ஆனால் இரண்டுக்கும் வேண்டியவை ஒரே வீரரின் ஒரே இரு கால்களாக இருக்கும்போது என்ன செய்வது?

ஒரே கையில் இரு கோல்கள்

கழக மேலாளர் தம் சிறந்த வீரர் களைத்திருப்பதைக் கண்டு, அவருக்கு ஓய்வு தர விரும்புகிறார். அதே மனிதர் மறுநாள் தேசிய அணியின் மேலாளராக அமர்ந்து, உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கு அவ்வீரரையே அழைக்க விரும்புகிறார். இருவர் இப்பதவிகளை வகித்தால், ஒருவருக்கொருவர் வாதிட்டு ஒரு நடுநிலைக்கு வரக்கூடும். ஒருவரே வகிக்கும்போது அவ்வாதம் உள்ளத்துக்குள் அடங்கிவிடுகிறது. உள்ளத்தில் நடக்கும் வழக்கில் சாட்சிகள் இல்லை.

சோதனைகள் நுட்பமானவை. நட்பு ஆட்டம் ஒன்றுக்குத் தம் கழக வீரர்களை விட்டுவிட்டு, போட்டிக் கழகத்தின் வீரர்களை மட்டும் அழைத்து அவர்களைக் களைப்புறச் செய்யலாம். தாம் விற்க எண்ணும் இளைஞருக்குத் தேசிய அணியில் இடம் தந்து, அவரது சந்தை மதிப்பை உயர்த்தலாம். இங்கிலாந்தில் ஆட விரும்பும் வெளிநாட்டு வீரருக்கு அனுமதி வழங்கும்போது, அவர் தம் நாட்டுக்காக ஆடிய ஆட்டங்களும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அதை நினைந்தே ஒருவரை அணியில் சேர்ப்பதும் இயலும். இவற்றுள் எதுவும் விளையாட்டின் விதிகளை மீறுவதன்று. விதி மீறப்படாத இடத்திலும் அநீதி குடியிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மெய்யான கால்பந்து உலகிலும் இவ்வாறு இரு பொறுப்பு ஏற்றவர்கள் உண்டு. ரினுஸ் மிகெல்ஸ் பார்சலோனா கழகத்தின் மேலாளராக இருந்துகொண்டே, 1974 உலகக் கோப்பையில் நெதர்லாந்து அணியை இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றார். 1985 செப்டம்பரில் ஸ்காட்லாந்து அணியின் மேலாளர் ஜாக் ஸ்டீன், வேல்ஸ் அணியுடன் கார்டிஃப் நகரில் நடந்த ஆட்டத்தின் முடிவில் உயிர் நீத்தபோது, அவருக்கு உதவியாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் அப்பொறுப்பை ஏற்றார். அவர் அபர்தீன் கழகத்தையும் விடவில்லை. அப்பருவத்தில் அபர்தீன் உள்நாட்டுக் கோப்பைகள் இரண்டையும் வென்றது. ஆனால் முந்தைய இரு ஆண்டுகளும் வென்ற சங்கப் பட்டத்தை இழந்தது. ஸ்காட்லாந்து 1986-இல் மெக்சிகோவுக்குச் சென்று, முதற்சுற்றோடு திரும்பியது. 2005-இல் கூஸ் ஹிட்டிங்க், நெதர்லாந்தின் பி.எஸ்.வி. கழகத்தை நடத்திக்கொண்டே, 32 ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்திரேலியாவை உலகக் கோப்பைக்குத் தகுதி பெறச் செய்தார். ஆகவே இரு பொறுப்பு ஏற்பதே இழிவு என்று நாம் தீர்ப்பிட இயலாது.

இரு தலைவர்க்கு ஊழியம் செய்தல் ஆகாது என்னும் நற்செய்திப் போதனை நம் நினைவுக்கு வரலாம். அப்போதனை கண்டிப்பது, வாழ்வின் இறுதி நோக்கமாக இரண்டை வைத்துக்கொள்வதையே. ஒரே நோக்கத்தின் கீழ் இரு கடமைகளை ஏற்பது வேறு. இரு கடமைகள் மோதுவதாகத் தோன்றும்போது, அவை இரண்டும் எதற்காக உள்ளன என்று ஒரு படி மேலே சென்று தேடும் வழியை நாம் அறநெறி இயலில் கற்கிறோம். கழகம் எதற்காக? தேசிய அணி எதற்காக? மனிதர் கூடி ஆடவும், ஆட்டத்தில் தம் ஆற்றலை மலரச் செய்யவும், காண்போர் மகிழவும்தான். இவ்வாறு தேடும்போது, இதுவரை நம் கண்ணில் படாத ஒருவர் முன்னே வருகிறார். ஆடுபவரே அவர்.

மூன்றாம் மனிதன்

2004-ஆம் ஆண்டு நவம்பரில், பெல்ஜியத்தின் ஷார்லெருவா கழகத்தைச் சேர்ந்த அப்தெல்மஜித் ஊல்மர்ஸ் என்னும் வீரர், மொராக்கோ நாட்டுக்காக ஒரு நட்பு ஆட்டத்தில் ஆடிக் காயமுற்றார். பல மாதங்கள் அவரால் களமிறங்க இயலவில்லை. கழகம் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின்மீது வழக்குத் தொடுத்தது. தேசிய அணிக்கு வீரரைக் கட்டாயம் விடுவிக்க வேண்டும் என்று விதி இருக்க, இழப்பை மட்டும் நாங்கள் சுமப்பதா என்பது அதன் வாதம். ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கு 2008-இல் உடன்பாட்டில் முடிந்தது. பின்னர் 2012-இல் ஃபிஃபா ஒரு காப்பீட்டுத் திட்டத்தை ஏற்படுத்தியது. தேசிய அணிக்கு ஆடும்போது காயமுற்று 28 நாள்களுக்கு மேல் ஆட இயலாமற் போகும் வீரருக்காக, அவரது கழகத்துக்கு 75 இலட்சம் யூரோ வரை ஈடு வழங்க அத்திட்டம் வழிசெய்தது.

இது நியாயமான ஏற்பாடே. எனினும் உற்று நோக்குவோம். வழக்காடியோர் கழகமும் கூட்டமைப்பும். ஈடு பெறுவது கழகம். காயமுற்ற காலோ அவ்விருவரில் ஒருவருடையதும் அன்று. 2024 செப்டம்பரில், ஸ்பெயின் நாட்டுக்கும் மான்செஸ்டர் சிட்டி கழகத்துக்கும் ஆடும் ரோட்ரி, ஆட்டங்களின் எண்ணிக்கை இவ்வாறே பெருகினால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை வரலாம் என்று வெளிப்படையாகக் கூறினார். சில நாள்களிலேயே அவர் முழங்காலில் கடும் காயமுற்றுக் களத்தை விட்டு அகன்றார். மூன்றாம் மனிதன் வாய் திறந்து பேசிய அரிய வேளைகளுள் அது ஒன்று.

கணினி விளையாட்டில் அம்மனிதன் பேசுவதற்கு வழி மிகக் குறைவு. அவனது களைப்பு ஒரு குறியீடு. அவனது வலி ஓர் அறிவிப்பு வரி. அவன் காயமுற்றால், சேமித்து வைத்த முந்தைய நிலைக்குத் திரும்பி, நடந்ததை நடவாததாக்கிவிடலாம். "இது வெறும் விளையாட்டுத்தானே? சதுரங்கத்தில் காலாளைப் பலி கொடுப்பதில்லையா?" என்று சிலர் கேட்கலாம். உண்மையே, விளையாடுவதில் குற்றமில்லை. எண்ணுக்கு வலிப்பதும் இல்லை. ஆயினும் சதுரங்கக் காலாளுக்குப் பெயரில்லை. இங்கோ எண்ணின் தலையில் வாழும் மனிதனின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பழக்கமே பண்பை உருவாக்குகிறது என்று அரிஸ்டாட்டில் கற்பித்தார். பெயருள்ளவரை எண்ணாகக் காணப் பழகிய கண், நாளை தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டையும் மருத்துவமனையின் படுக்கைப் பட்டியலையும் அவ்வாறே காணக்கூடும். இங்கு விழிப்பு வேண்டும்.

அதே வேளையில் இவ்விளையாட்டு ஒரு நன்மையும் செய்கிறது. வெளியுலகில் கழகத்தார் தேசிய அணியைக் குறை கூறுவர். தேசிய அணியினர் கழகத்தைக் குறை கூறுவர். இங்கோ ஒருவரே இரு நாற்காலிகளிலும் அமர்கிறார். எதிர்த்தரப்பின் நியாயம் அவருடைய நியாயமாகிறது. இரு தரப்பும் தாமேயாக இருந்தும் மனம் அமைதி பெறவில்லையெனில், குறை எதிர்த்தரப்பிடம் இல்லை என்பது அவருக்குப் புலப்படும். தாம் இன்னும் கேட்காத ஒருவரின் குரல் எஞ்சியிருக்கிறது என்பதையும் அவர் உணரக்கூடும்.

இவ்வுணர்வு நம் அன்றாட வாழ்வுக்கு மிகவும் தேவை. பிள்ளையின் படிப்பைப் பற்றித் தந்தையின் விருப்பமும் தாயின் விருப்பமும் மோதுகின்றன. பிள்ளை அறையின் மூலையில் நிற்கிறது. பிறந்த வீட்டின் உரிமையும் புகுந்த வீட்டின் உரிமையும் மோதுகின்றன. மருமகள் அடுக்களையில் நிற்கிறாள். முதிய தாயை எந்த மகன் வைத்துக்கொள்வது என்று உடன்பிறந்தோர் கணக்கிடுகின்றனர். தாய் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. பங்கீடும்கூடச் சரியாக அமைந்துவிடலாம். ஆனால் யாருடைய தோளின்மேல் அப்பங்கீடு நிற்கிறது என்று கேட்க ஆள் இல்லை.

இரு கடமைகள் நம்மை இரு புறமும் இழுக்கும்போது, எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று உடனே கணக்கிடத் தொடங்காதிருப்போம். முதலில் அந்த மூன்றாமவரை அழைத்து நம் அருகில் அமரச் செய்வோம். அவர் பெயரைச் சொல்லி, "உன்னால் தாங்க முடிகிறதா?" என்று கேட்போம். தீர்ப்பை அதன் பிறகு வழங்குவோம்.