பெற்றோரின் விசுவாசமும் பிள்ளையின் உயிரும்

1977இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் பதினாறு மாதக் குழந்தை மேத்யூவுக்குக் காய்ச்சல் கண்டது. பெற்றோர் படிக்காதவர்கள் அல்ல. தாய் ரீட்டா ஸ்வான் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவர்கள். ஆனால் அவர்கள் கிறிஸ்டியன் சயின்ஸ் சபையார். மேரி பேக்கர் எடி 1879இல் நிறுவிய அந்தச் சபைக்கு நோய் என்பது மனத்தின் மயக்கம். ஜெபத்தால் தீர வேண்டியது. டாக்டரிடம் போனால், காசு வாங்கிக்கொண்டு ஜெபிக்கும் 'பிராக்டிஷனர்' விலகிக்கொள்வார்.

காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பிராக்டிஷனரே, எங்காவது எலும்பு முறிந்திருக்கலாம் என்றார். எலும்பு முறிவுக்கு டாக்டரைப் பார்க்கச் சபை அனுமதித்திருந்தது. அந்தச் சாக்கில்தான் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போனது. எலும்பெல்லாம் முறியவில்லை, பாக்டீரியாவால் வந்த மூளைக்காய்ச்சல். காலம் கடந்திருந்தது. மேத்யூ பிழைக்கவில்லை.

இதைக் குழந்தைக் கொடுமை என்று சொல்ல நாக்கு கூசும். சூடு வைத்த தழும்பும் பெல்ட் அடியின் தடமும் கண்ணில் படும். பட்டினி போட்ட பிள்ளையைக்கூட ஒரு நல்ல ஆசிரியை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். இங்கே குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரி கண்விழித்து மடியில் வைத்திருக்கும் தாய் இருக்கிறாள். டாக்டர் மட்டும் இல்லை. புறக்கணிப்பு என்றாலே அன்பில்லாதவர்கள் செய்வது என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வீடு கண்ணில் படாது. மற்ற கொடுமைகளைப் பல சமயம் முதலில் கண்டுபிடிப்பவர் டாக்டர். இந்தக் குழந்தைகள் அவரிடம் போவதே இல்லை.

கண்ணில் பட்டாலும் சட்டம் கையைக் கட்டியிருந்தது. 1974இல் அமெரிக்கா குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, ஜெபத்தால் மட்டும் குணப்படுத்த முயலும் பெற்றோருக்கு விலக்கு அளிக்கும் மாநிலங்களுக்கே மத்திய நிதி என்று ஒரு விதி சேர்ந்தது. மாநிலங்கள் வரிசையாக விலக்கைச் சட்டத்தில் எழுதிக்கொண்டன. 1983இல் அந்த விதி போனது; மாநிலச் சட்டங்கள் அப்படியே நின்றன. அதே ஆண்டு ரீட்டா ஸ்வான் அவற்றை எதிர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். சபையை எப்போதோ விட்டிருந்தார். 1998இல் அவரும் சேத் ஆசர் என்ற குழந்தை மருத்துவரும் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1975 முதல் 1995 வரை, மத நம்பிக்கையால் சிகிச்சை மறுக்கப்பட்டு இறந்த 172 குழந்தைகளின் கணக்கு அது. அவர்களில் 140 பேருக்கு வந்தவை, சிகிச்சை அளித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கக்கூடிய நோய்கள்.

ஆஸ்பத்திரியிலும்தான் குழந்தைகள் சாகின்றன, எங்களை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்று விசுவாசிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் அந்த 140இல் இருக்கிறது.

உண்மையான கேள்வி வேறு. பிள்ளையின் உடம்பு யாருடையது? பெற்றோரின் அதிகாரம் பிள்ளையைப் பராமரிக்கும் கடமையிலிருந்தே பிறக்கிறது, உடைமை உரிமையிலிருந்து அல்ல என்று தத்துவஞானி ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டிலேயே வாதாடிவிட்டார். தெருவில் மதப் பத்திரிகை விற்ற ஒரு சிறுமி தொடர்பான வழக்கில், 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகப் பேசியது: பெற்றோர் தங்கள் நம்பிக்கைக்காகத் தாங்கள் தியாகி ஆகலாம், பிள்ளையைத் தியாகி ஆக்க முடியாது.

நம் புராணம் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறதே என்று தோன்றலாம். சிறுத்தொண்டர் அடியார் வேடத்தில் வந்த இறைவனுக்காகப் பெற்ற மகன் சீராளனை அறுத்துக் கறி சமைத்தார். பைபிளிலும் ஆபிரகாம் மகன் ஈசாக்கின்மேல் கத்தியை ஓங்கினார். இரண்டிலும் பிள்ளை திரும்பக் கிடைக்கிறது. சீராளன் கூப்பிட்டதும் ஓடி வருகிறான். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் கதையை யார் பக்தியென்று சொல்வார்கள்?

ஆரிகன் மாநிலத்தில் 'கிறிஸ்துவைப் பின்பற்றுவோர்' என்ற சபையின் இடுகாட்டில் யாரும் ஓடி வரவில்லை. 1955க்குப் பிறகு அங்கே புதைக்கப்பட்ட 78 சிறார்களில் குறைந்தது 21 பேரைச் சிகிச்சை காப்பாற்றியிருக்கக்கூடும் என்று 'ஆரிகோனியன்' நாளிதழ் 1998இல் எழுதியது. அதே சபையைச் சேர்ந்த ஒரு கைக்குழந்தையின் இடது கண்மேல் ரத்தக்குழாய்க் கட்டி வளர்ந்து கண்ணையே மூடியது. பெற்றோர் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். நோயாளிக்கு எண்ணெய் பூசச் சொல்வது பைபிளில் உள்ள யாக்கோபின் நிருபம். வைத்தியரிடம் போகாதே என்று அது சொல்லவில்லை. சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தானே! 2010இல் அரசு குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துச் சிகிச்சை கொடுக்க, கட்டி சுருங்கியது. மறு ஆண்டு பெற்றோருக்கு 90 நாள் சிறை. அதே 2011இல் ஆரிகன் மத விலக்கை முற்றாக நீக்கியது. பக்கத்து மாநிலமான ஐடஹோ நீக்க மறுத்தது.

விலக்கு என்பது பெற்றோருக்குத் தரும் சலுகை மட்டுமல்ல. பக்கத்து வீட்டாருக்கும் ஆசிரியருக்கும், 'இதில் தலையிடாதே' என்று சொல்லும் உத்தரவும்கூட. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தையை வேண்டுமென்றே புறக்கணிப்பதைக் குற்றமாக்குகிறது. அதில் மத விலக்கு கிடையாது. ஆனால் 'தலையிடாதே' என்ற அந்த உத்தரவை நாமாகவே நமக்குப் போட்டுக்கொள்கிறோம். வலிப்பு வரும் பிள்ளையை மந்திரிக்க மட்டுமே தூக்கிப் போகிறார்கள், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை என்று தெரிந்தால், முதலில் வீட்டாரிடம் பேசுங்கள். கேட்கவில்லையென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள்.