முன்னோர் வைத்த கடன்

தந்தை விட்டுச்சென்ற வீட்டையும் நிலத்தையும் மகன் உரிமையோடு ஏற்றுக்கொள்கிறான். அவர் வைத்துச்சென்ற கடனையும் அவன் ஏற்க வேண்டுமா என்று கேட்டால், ஏற்பதே முறை என்று உலகம் சொல்லும். தனி மனிதனுக்குப் பொருந்தும் இந்நீதி ஒரு சமுதாயத்துக்கும் பொருந்துமா? முன்னோர் இயற்கைக்கு இழைத்த கேட்டை, அதில் பங்கில்லாத பின்னோர் தம் பொருளைச் செலவிட்டுத் தீர்க்கக் கடமைப்பட்டவரா? அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலம் இவ்வினாவைச் சால்மன் என்னும் மீனின் வழியாக எதிர்கொண்டு வருகிறது.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே மீளும் மீன். ஆறும் கடலும் கலக்கும் கழிமுகம் அதன் வாழ்வில் இன்றியமையாதது. சினூக் வகைச் சால்மன் குஞ்சுகள் பல, அங்குள்ள உவர்ச் சதுப்பின் ஓடைகளில் சில வாரங்களேனும் தங்கி, பூச்சிகளையும் சிற்றுயிர்களையும் உண்டு வளர்கின்றன. நன்னீரில் பிறந்த உடலை உப்புநீருக்குப் பழக்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், பியூஜெட் சவுண்ட் என்னும் உட்கடலைச் சூழ்ந்த கழிமுகங்களில் குடியேறியோர் மண்கரை எழுப்பிக் கடல்நீரைத் தடுத்து, சதுப்பைக் கழனியாக்கினர். அவர்கள் தீயவர் அல்லர்; உழைத்துப் பிழைத்தவர்கள். எனினும் குஞ்சுகளின் தொட்டில் பறிபோயிற்று. அணைகளும் காடழிப்பும் மிகையான மீன்பிடிப்பும் அதனோடு சேர்ந்தன. 1999ஆம் ஆண்டில் பியூஜெட் சவுண்ட் சினூக், அழிவை எதிர்நோக்கும் இனங்களைக் காக்கும் கூட்டரசுச் சட்டப் பட்டியலில் இடம்பெற்றது.

இக்கடன் மீனுக்கு மட்டும் உரியதன்று, மனிதருக்கும் உரியது. 1854ஆம் ஆண்டின் மெடிசின் கிரீக் உடன்படிக்கையில் பூர்வகுடியினர் நிலத்தை விட்டுக்கொடுத்தனர். வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையையோ தமக்கே வைத்துக்கொண்டனர். அவ்வுரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டது. நிஸ்குவாலி இனத்தவரான பில்லி ஃபிராங்க் அதற்காகப் போராடிப் பலமுறை கைதானார். 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க சால்மனில் பாதி வரை பூர்வகுடியினருக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 1979இல் உச்ச நீதிமன்றம் அதனைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. ஆயின், மீனற்ற ஆற்றில் பாதி என்பதற்குப் பொருள் ஏது? உரிமையை மதிப்பவர் மீன் வாழுமிடத்தையும் காத்தாக வேண்டும்.

கடமையை உணர்ந்தால் மட்டும் போதாது. அதனை நிறைவேற்றத் திட்டமும் பொருளும் வேண்டும். திட்டமில்லாப் பணம் விழலுக்கு இறைத்த நீர். பணமில்லாத் திட்டம் ஏட்டுச் சுரைக்காய். 1999இல் அம்மாநிலச் சட்டமன்றம் சால்மன் மீட்பு நிதி வாரியத்தை அமைத்தது. ஒவ்வொரு வட்டாரமும் தன் ஆற்றுக்கு வேண்டிய பணிகளை முன்வைக்கிறது. அறிவியல் அறிந்தோரும் குடிமக்களும் ஆராய்ந்து அவற்றை வரிசைப்படுத்துகின்றனர். வாரியம் நிதி வழங்குகிறது. தேவை பெரிது, நிதி சிறிது என்னும்போது, உரத்துப் பேசுபவருக்கன்றி உற்ற பயன் தருவதற்கே முதலிடம் என்பதும் ஓர் அறமே.

2009இல் நிஸ்குவாலி கழிமுகத்தில் பழைய பண்ணைக் கரை அகற்றப்பட்டு, 762 ஏக்கர் நிலத்தில் மீண்டும் கடல்நீர் ஏறி இறங்கத் தொடங்கியது. ஆயினும் கரையை அகற்றிய அளவில் அனைத்தும் மீண்டுவிடவில்லை. நூறாண்டு அடைபட்டுக் கிடந்த நிலம் தாழ்ந்து போயிருந்தது. அதனை உயர்த்த வேண்டிய வண்டலில் பெரும்பகுதியை மேலேயுள்ள ஆல்டர் அணை தடுத்துக்கொள்கிறது. சினூக் இன்றும் அப்பட்டியலிலிருந்து நீங்கவில்லை. கெடுப்பது எளிது, மீட்பது அரிது.

இங்கே இரு தடைகள் எழலாம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் போதாதபோது மீனுக்கு ஏன் செலவிட வேண்டும் என்பது ஒன்று. இதனை ஈகையாக எண்ணுவதால் வரும் ஐயம் இது. ஈகையைத் தள்ளிப்போடலாம், கடனைத் தள்ளிப்போட்டால் வட்டி ஏறும். வள்ளுவரும் ஈகைக்கு முன்னதாகவே ஒப்புரவறிதலை வைத்தார்.

மற்றொன்று இதனினும் கடுமையானது. சட்டப்படி வாங்கிய வயலில் உழைக்கும் உழவனின் நிலத்தைக் கடலுக்கு விடச் சொல்வது நியாயமா? ஸ்காஜிட் கழிமுக உழவரின் கவலை இதுவே. அதனைத் தன்னலம் என்று ஒதுக்குவது தவறு. கரைகளால் விளைந்த செல்வத்தை ஊரே உண்டது. ஆகவே கடனும் ஊருக்கே உரியது; ஒருவன் தலையில் அதனைச் சுமத்தலாகாது. பொதுநிதியின் நியாயம் இதில்தான் அடங்கியுள்ளது. உழவனுக்கு உரிய விலையும், திட்டமிடும் அவையில் உரிய இடமும் தராமல் மீனைக் காப்பது, ஒரு கடனைத் தீர்க்க இன்னொரு கடன் வாங்குவதாகும்.

இன்று கரையை அகற்றுவோரில் பலர் அதன் முழுப்பயனைக் காணமாட்டார்கள். முட்டையிட்டபின் மடியும் சினூக்கும் தன் குஞ்சுகளைக் காண்பதில்லை. மீனுக்கு அது இயல்பு. அறிந்தே அவ்வாறு செய்வது மனிதனின் அறம். முன்னோரின் செல்வத்தை ஏற்ற கை, அவர் வைத்த கடனையும் ஏற்கட்டும்.