பதறுவோர்க்குக் கூறும் சொல்

2004ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள், திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் மூண்ட தீ, மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அத்தகைய வேளையில் ஒரு தாய், "என் பிள்ளை பிழைத்தானா?" எனக் கதறினால் அருகிலிருப்பவர் யாது கூறுவது? "ஒன்றும் ஆகவில்லை" என்பது பொய். உண்மையைச் சட்டென வீசுவதோ இம்சை. வாய்மை பெரிதா, அகிம்சை பெரிதா?

பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் மெய்யும் சொல்லத்தகாது என்று இல்லறத்தார்க்கு வரம்பு வகுத்தார் சமந்தபத்திரர், தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில். அது பொய்க்கு அளித்த அனுமதி அன்று. அவ்விரதமே பொய்யையும் விலக்குகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி பயிற்சியால் வருவது.

உளநலப் பணியாளர் கற்பது அதனையே. முதலில் தம் குரலைத் தாழ்த்துதல், வழியை மறிக்காது சற்று விலகி நிற்றல், வாதாடாமை, "அழாதே" எனத் தடுக்காது கேட்டல், சிறு வாக்கியங்களால் பேசுதல், அறியாததை "அறியேன், விசாரித்து வருகிறேன்" எனல், அறிந்த துயரத்தை, அமரச் செய்து, உற்றார் ஒருவர் உடனிருக்கத் தெளிவாக உரைத்தல். 1986இல் சென்னையில் தொடங்கப்பெற்ற சிநேகா அமைப்பின் தொண்டர்கள் ஆற்றும் பணியும் பெரும்பாலும் செவிமடுத்தலே.

அளந்து பேசும் பாஷா சமிதியும், நாவடக்கும் வசன குப்தியும் முனிவர்க்கு உரியன. எனினும் அவற்றின் ஒரு கூற்றையேனும் நாம் பழகலாம். கூச்சலிடும் வகுப்பை அடக்குவது ஆசிரியரின் தாழ்ந்த குரல் என்பது பள்ளியில் பணியாற்றிய எவரும் அறிந்தது. இல்லத்தில் எழும் சிறு சினங்களில் இதனைப் பழகுவோர்க்கே, பெருந்துயர் நேர்கையில் அச்சொல் வாய்க்கும். நம்மால் இயலாதபோது, 14416 என்னும் அரசின் உளநல உதவி எண்ணை அழைப்பதும் அறமே.