மகுடமும் நகைப்பும்

பிறரை நகைத்தல் குற்றமா? நகைப்புக்கு இடங்கொடுத்தல் குற்றமா? பெக்கான் நானாசில் எங்கள் பள்ளியின் பரிசளிப்பு விழா முடிந்த மறுநாள் இவ்வினா என்னை வாட்டியது.

தமிழக அரசியல் மேடைகளில் தலைவர்களுக்கு மகுடம் சூட்டி வீரவாள் வழங்குவது போல், விழாவில் எனக்கும் அட்டை மகுடமும் வாளும் தந்தனர். நானும் பூரித்து நின்றேன். மறுநாள் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் ஏட்டில் என் உருவத்தைக் கண்டேன். தலையில் அன்னாசிக் கொண்டை; கையில் பிரம்பு. சினம் மூண்டது. ஏட்டைப் பறித்துக்கொண்டேன்.

அன்றிரவு ஔவையாரின் தூது நினைவில் எழுந்தது. பீலி அணிந்து, நெய் பூசி, மனையில் காக்கப்பட்ட தொண்டைமானின் படைக்கலங்களை அவர் புகழ்வது போல் இகழ்ந்தார். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். போருக்குரிய கருவி அணிகலனாகும்போது நகைப்பு பிறக்கிறது.

இங்கிலாந்திலும் இந்நிலை உண்டு. 1778இல் காக்ஸ்ஹீத் பாசறையைக் காணச் சென்ற செல்வ மகளிர் படைச் சீருடையை ஒத்த ஆடை புனைந்தனர். கேலிச்சித்திரக்காரர்கள் அவர்களை விட்டுவைக்கவில்லை. நம் காலத்தில், கருத்துப்பட ஓவியரான சிம்புதேவன் 2006இல் இயக்கிய ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ பழைய அரச ஆரவாரத்தையே நகைப்புக்கு உரியதாக்கியது.

அதிகாரம் இத்தகைய நகைப்பை எளிதில் பொறுப்பதில்லை. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த கேலிச்சித்திரத்துக்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே, சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அதைப் படித்தபோது அவர் பக்கம் நின்றவன் நான். என் ஏட்டுச் சிறுவனிடம் மட்டும் ஏன் சட்டமன்றமாக மாறினேன்?

எனினும் எல்லா நகைப்பும் அறமாகாது. உடன்படிக்கும் ஊனமுற்ற பிள்ளையை அவன் அவ்வாறு வரைந்திருந்தால் கண்டித்தே இருப்பேன். பிறப்பால் அமைந்ததை நகைத்தல் கொடுமை. நாமே விரும்பிச் சூடிக்கொண்டதை நகைத்தல் கண்ணாடி காட்டுதல். அம்மகுடத்தை யாரும் என்மேல் திணிக்கவில்லை.

மறுநாள் ஏட்டைத் திருப்பித் தந்தேன். அச்சத்தோடு பெற்றுக்கொண்டான். அந்த அச்சமே என்னை அதிகம் நாணச் செய்தது. பிரம்பை அவன் கற்பனையால் வரையவில்லை அன்றோ? இனி எம் விழாக்களில் நூல்களே பரிசாக வழங்கப்படும். மகுடம் அன்னாசிக்கே உரியதாகட்டும்.