பொழுதை நகர்த்தலாமா?

கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல் நம் இல்லங்களில் குழந்தைகளுக்கு முதலில் கற்பிக்கப்படும் ஒழுக்கங்களுள் ஒன்று. மணி பார்க்கத் தெரியாத வயதிலேயே நாம் பொழுது பார்க்கக் கற்றோம். "பொழுது இருக்கிறதா, பார்த்து வா" என்று பாட்டி சொல்வார். தெருத் திண்ணைக்கு ஓடி, மேற்கே நோக்கி, திரும்பி வந்து விடை சொல்வோம். அவ்விடையைக் கொண்டே அடுப்படியில் இலை விழும். பின்னாளில் பள்ளி, அலுவலகம், புகைவண்டி எனப் பலவும் கடிகாரத்தின் ஆணைக்கு உட்பட்டன. அதன்பின் இவ்வொழுக்கத்தைக் காப்பது எளிதாக இல்லை.

சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் யான் பணிபுரிந்த ஆண்டுகளில் கடலூரிலிருந்து நாள்தோறும் சென்று வந்தேன். அலுவல் முடியும் நேரம் மாலை 5.45. ஆனி மாதத்தில் கதிரவன் மறைய 6.35 ஆகிவிடும், நிலையத்து இருக்கையில் அமர்ந்து கொண்டு சென்ற உணவை அமைதியாக உண்ணலாம். கார்த்திகையிலோ அலுவல் முடியும் நேரமும் கதிரவன் மறையும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. பல நாட்கள் உணவுப் பாத்திரம் திறக்கப்படாமலே வீடு திரும்பியது. இதனைக் கண்ட நண்பர் ஒருவர் ஒருநாள், "நயினார் சார், மேல்நாட்டார் செய்வது போல் நாமும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தால் உங்கள் விரதத்துக்கு இடையூறே இராதே!" என்றார்.

அவர் நகைப்பாகவே சொன்னார். ஆயினும் அச்சொல் என் உள்ளத்தில் தங்கிவிட்டது. உண்மையில் அவ்வாறு செய்தால் அலுவல் முடிந்தபின் எனக்கு ஒரு மணி நேர வெளிச்சம் மிஞ்சும். விரதம் காக்கும் அன்பர் பலருக்கும் அது பயன் தரும். அப்படியிருக்க, அதனை நாம் விரும்பலாமா? நம் நோன்பு எளிதாகும் பொருட்டு ஊரார் அனைவரின் பொழுதையும் நகர்த்தக் கேட்பது அறமாகுமா?

முதலில் இவ்வேற்பாட்டின் தோற்றத்தைக் காண்போம். இங்கிலாந்தில் வில்லியம் வில்லட் என்னும் கட்டடத் தொழிலதிபர் 1907இல் சிறு நூலொன்றை வெளியிட்டு, கோடைக் காலையில் மக்கள் உறங்கிக் கழிக்கும் வெளிச்சத்தை மாலைக்கு மாற்ற வேண்டும் என்று வாதிட்டார். முதல் உலகப் போரின்போது, 1916இல், நிலக்கரியைச் சேமிக்கும் பொருட்டு ஜெர்மனி இதனை நடைமுறைப்படுத்தியது. இங்கிலாந்து சில வாரங்களில் பின்பற்றியது. இலண்டனில் கோடையின் நீண்ட பகல் 16½ மணி நேரத்துக்கும் மேல்; குளிர்காலத்தின் குறுகிய பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே மிகுந்து கிடக்கும் வெளிச்சத்தை இடம் மாற்றி வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் பகுதியின் நிலை வேறு. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 80 நிமிடமே. இங்கே மாலைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால், அதனைக் காலையிலிருந்தே எடுத்தாக வேண்டும். மேலும் நம் கடிகாரம் முன்னரே கதிரவனை முந்திச் செல்கிறது. 1906 சனவரி முதல் நாள் இந்திய நேரம் வகுக்கப்பட்டபோது, அலகாபாத் அருகே செல்லும் 82½ பாகை நெடுங்கோடு அதற்கு அடிப்படையாயிற்று. கடலூர் அதற்கு மேற்கே உள்ளது. ஆதலின் ஆண்டுச் சராசரியில் இங்கு உச்சிப் பொழுது 12.11 மணியளவிலேயே வருகிறது. இரண்டாம் உலகப் போரில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரங்கள் மேலும் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டன. அந்நாளில் கடலூரின் நண்பகல் கடிகாரத்தில் ஒரு மணிக்கு மேல்! போர் முடிந்ததும் அது கைவிடப்பட்டது.

அண்மைக் காலச் சான்றும் நமக்கு அருகிலேயே உண்டு. கொழும்பு நகரம் ஏறத்தாழ நம் கடலூருக்கு நேர் தெற்கே அமைந்தது. அதன் கதிரவன் உச்சி சேரும் நேரமும் நம்முடையதும் ஒன்றே. 1996இல் வறட்சியால் நீர்மின் நிலையங்கள் தளர்ந்து மின்வெட்டு மிகுந்தபோது, இலங்கை அரசு மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பித் தந்து, எஞ்சிய அரை மணி நேரத்தை 2006 ஏப்ரல் வரை வைத்திருந்தது. அக்காலத்தில் தை மாதத்துக் கொழும்பில் கதிரவன் எழ 6.55 மணி ஆயிற்று. தொலைவிலிருந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருளிலேயே வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ இம்மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே பின்பற்றின. ஒரே தீவில், ஒரே கதிரவனின் கீழ், இரண்டு மணிகள் நிலவின.

மின்சாரமாவது மிச்சமாகிறதா? அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 2006இல்தான் முழுவதுமாக இம்முறைக்கு வந்தது. அதனை ஆராய்ந்தோர், வீடுகளில் மின் செலவு குறையவில்லை, மாறாக ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடியது எனக் கண்டனர். விளக்குக்கு ஆகும் செலவு சிறிது குறைந்தது. குளிரூட்டும் கருவிகளுக்கு ஆகும் செலவு அதனை விழுங்கியது. ஐரோப்பியப் பாராளுமன்றம் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தை 2021இல் நிறுத்தலாம் என 2019இல் வாக்களித்தது. உறுப்பு நாடுகள் ஒருமித்த முடிவுக்கு வராமையால் அவ்வாண்டு அது நிறைவேறவில்லை. நூறாண்டு பழகியவர்களே இதனைச் சுமையாக உணர்கின்றனர் என்பது இதனால் விளங்கும்.

இனி நம் நெறியின்படி எண்ணுவோம். ஆறு பொருள்களுள் ஒன்றாகக் காலத்தைக் கூறும் நம் ஆகமம், அதனைப் பரமார்த்த காலம், வியவகார காலம் என இரண்டாகப் பகுக்கும். பொருள்களின் மாற்றத்துக்குத் துணையாய் நிற்பது முன்னது. கதிரவன் முதலிய ஒளிக்கோள்களின் இயக்கத்தால் அறியப்படும் நாழிகை, முகூர்த்தம், நாள் என்பன பின்னது. 48 நிமிடம் கொண்டது ஒரு முகூர்த்தம். முப்பது முகூர்த்தம் ஒரு நாள். இவ்வாராய்ச்சிக்கு நம் கடலூர் மண்ணே உரியது. சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகம் என்னும் ஊரில் சர்வநந்தி முனிவர் உலோகவிபாகம் என்னும் நூலை எழுதினார் என்று, பிற்காலத்தில் சிம்மசூரி இயற்றிய வடமொழி நூல் உரைக்கிறது. அப்பாடலிகம் இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்பர் அறிஞர். உலகின் அமைப்பையும் ஒளிக்கோள்களின் நெறியையும் விரித்துரைப்பது அந்நூல்.

வழக்குக்காக மனிதர் வகுத்துக்கொண்ட மணியை மனிதரே மாற்றலாம். அதில் பாவம் ஏதுமில்லை. ஆனால் இரவுணவை நம் முன்னோர் விலக்கியது மணியைக் கருதியன்று. விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியும். இருளில் அவை நம் கண்ணுக்குப் புலப்படா. ஆகவே அவ்விரதத்தின் வேர் கொல்லாமை. கடிகாரத்தை எங்கே திருப்பி வைத்தாலும் அச்சிற்றுயிர்க்கு இருள் இருளே.

கொல்லாமையை வேராகக் கொண்ட விரதம் பிறர்க்குத் துன்பம் தரும் வழியில் எளிதாக்கப்படுமாயின் அது முரண் அன்றோ? கடிகாரம் முன்னே தள்ளப்பட்டால் எனக்கு மாலையில் கிடைக்கும் வெளிச்சம் யாருடைய காலையிலிருந்து வரும்? விடியுமுன் தெருக் கூட்டும் தொழிலாளி, முதல் பேருந்தைப் பிடிக்கும் கூலிப்பெண், புத்தகப் பையுடன் சாலையோரம் நிற்கும் சிறுவன் ஆகியோரின் காலையிலிருந்தே வரும். கடலூர்த் தேவனாம்பட்டினத்து மீனவர் காற்றையும் கடலையும் பார்த்துப் படகு இறக்குவர். அவர்க்கு இதனால் வரவுமில்லை, செலவுமில்லை. மணிக்குக் கட்டுப்பட்டும், அம்மணியை மாற்றிக் கேட்க வலிமையற்றும் இருப்போரே இச்சுமையைத் தாங்குவர்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அசாமில் தேயிலைத் தோட்டங்கள் நெடுங்காலமாக ஒரு மணி நேரம் முந்திய 'தோட்ட நேரம்' வைத்துள்ளனவே என்பர். உண்மை. ஆனால் அசாம் நாட்டின் கீழ்க்கோடியில் உள்ளது. அங்கே கதிரவன் நமக்கு நெடுநேரம் முன்னரே எழுகிறான். கடிகாரத்தை முன்னே தள்ளுவதால் அவர்கள் கதிரவனுக்கு அருகே வருகின்றனர். நாமோ அவனை விட்டு விலகுவோம். வடகிழக்கு மக்கள் தமக்கெனத் தனி நேரம் கேட்பது நியாயமானதே. அது ஆண்டு முழுதும் மாறாமல் நிற்பது. பருவந்தோறும் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளுவது அன்று. மணி பொழுதை நெருங்கினால் வாய்மையை நெருங்குகிறது. விலகினால் அவ்விலகலுக்குத் தக்க காரணம் வேண்டும். நம் பகுதியில் அக்காரணம் எனக்குப் புலப்படவில்லை.

நண்பரின் சொல்லைப் பல நாள் எண்ணிய பின்னர், மேலதிகாரியிடம் சென்று, கார்த்திகை மார்கழி மாதங்களில் அரை மணி நேரம் முன்னதாக வந்து, அரை மணி நேரம் முன்னதாகச் செல்ல இசைவு வேண்டினேன். அவர் இசைந்தார். அதற்காக விடியற்காலையில் எழுந்தவன் யான். எனக்காகப் பாத்திரம் நிரப்ப என்னினும் முன்னே எழுந்தவர் என் இல்லத்தார். அச்சுமை அவருக்கும் பங்காயிற்று என்பதை மறைத்தல் தகாது. ஆயினும் அவரும் அதே விரதம் பூண்டவர். ஊரார் மேல் அச்சுமை விழவில்லை. மறைவுக்கு ஒரு முகூர்த்தம் முன்னரே உண்டு முடிக்கும் உயர்நெறி அப்போதும் எனக்குக் கைகூடவில்லை. வெளிச்சம் உள்ளபோதே உண்டேன் என்ற அளவே நிறைவு.

விரதம் என்பது நாம் நம்மேல் விதித்துக்கொள்வது. உலகத்தை நமக்கேற்ப நகர்த்தக் கேட்குமுன், நாம் எவ்வளவு நகர முடியும் என்று பார்ப்பதே சிராவகர்க்கு அழகு. இன்று நம் பிள்ளைகள் கைபேசியைப் பார்த்து நொடியும் பிழையாமல் மணி சொல்கின்றனர். அவர்களையும் மாலையில் ஒருமுறை வாயிலுக்கு அனுப்பி, "பொழுது இருக்கிறதா, பார்த்து வா" என்று சொல்வோமாக.