கறார்

ஒருவர் சுருக்கமாகவும் இளக்கமில்லாமலும் பேசினால் 'கறாராகப் பேசுகிறார்' என்கிறோம். குற்றமாகவும் சொல்கிறோம், பாராட்டாகவும் சொல்கிறோம். இந்த இரட்டை அர்த்தம் தற்செயலாக வந்ததாகத் தோன்றவில்லை.

அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக, வசூல், பாக்கி, ஜப்தி, ஜாமீன் இவற்றோடு கச்சேரிக் காகிதங்களில் நம்மிடம் வந்து சேர்ந்த சொல். மூலத்தில் நிலைகொள்ளுதல், அதிலிருந்து, பேசி முடிவானது, உடன்படிக்கை. (இந்திப் பாட்டுகளில் உருகி உருகி வரும் 'பேகரார்' இதன் எதிர்ப்பதம்தான்.) 'கறார் விலை'யில் பழைய அர்த்தம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தின் 'கர்ட்' லத்தீனில் வெட்டிக் குறைத்ததைக் குறிக்கும். நம் 'வெடுக்'கோ பிடுங்குகிற ஓசை. இரண்டும் அறுப்பவை. கறார், கட்டுவதில் பிறந்தது. உடன்படிக்கைக்கு இரண்டு பேர் வேண்டும். கறாராக இருக்க இன்று ஒருவர் போதும். அந்த இரண்டாமவர் எங்கே போனார்?

எங்கள் பக்கத்திலேயே தேடலாம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் வசம் இருந்தது. ஜாகிரும் அதே காகிதக் கட்டில் வந்த சொல்தான். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உழுகிறவர்கள் பலரிடம் பட்டா இல்லை என்பது இன்னும் தீராத விஷயம். வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போடுகிறவர் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து கடன் கேட்கிறார். பட்டா எங்கே என்கிறது கவுண்ட்டர். விதி எங்கோ, யாரோ பேசி முடித்தது. முடித்த இடத்தில் அவர் இல்லை. சொல்பவருக்குக் கறார், கேட்பவருக்கு வெடுக். குரலை இறக்கிச் சொன்னாலும் இது மாறாது. கவுண்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் புன்னகைக்கச் சொல்கிறார்கள், புன்னகைக்கிறோம்.

'கறாரான விமர்சனம்' நம் வட்டத்துக்குப் பிடித்த பிரயோகம். க.நா.சு. பட்டியல் போட்டார், காரணம் கேட்டவர்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. 1959இல் 'எழுத்து' தொடங்கிய செல்லப்பாவோ அலசிக் காட்ட வேண்டும் என்றார். நியாயம் செல்லப்பா பக்கமே என்பது பொது அபிப்பிராயம். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. க.நா.சு. தன் ருசி எது, அது எதைப் படித்து வந்தது என்று வருஷக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தார். அவருடைய வாசகன் அந்தப் பத்திரத்தைப் படித்துவிட்டுத்தான் பட்டியலுக்கு வருகிறான். ஏற்காமல் போகலாம், ஏமாறுவதில்லை.

ஆனால் முதல் தொகுப்பு போட்ட ஒரு பையனை இரண்டு வரியில் தள்ளிவிட்டு, எந்த அளவுகோலால் அளந்தோம் என்று எங்கேயும் சொல்லாமல் இருப்பதற்கும் இதே பெயர்தான் வழங்குகிறது. பட்டா வேண்டும் என்று மலைக்காரரிடமாவது சொல்கிறார்கள். இவனுக்கு அதுவும் கிடையாது.